கரண்ட் இல்லாத இரண்டு இரவுகள்: பேனல் கூட்டலாமா, பேட்டரி வாங்கலாமா?

கோத்தகிரி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சாரம் இது.

2019-ல் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டார்கள். 335 வாட் பேனல் ஒன்பது, ஈ.பி. லைனோடு இணைந்த இன்வெர்ட்டர், எடுத்த யூனிட்டையும் லைனுக்குக் கொடுத்த யூனிட்டையும் கணக்கிடும் நெட் மீட்டர். வெயில் காலத்தில் பில் மிகக் குறைவாக வருகிறது. இவருடைய கணவருக்கு நுரையீரல் நோய். கடந்த ஒன்றரை வருடமாக இரவு முழுக்க ஆக்ஸிஜன் மெஷின் ஓட வேண்டியிருக்கிறது. போன ஐப்பசியில் காற்றும் மழையுமாக இருந்தபோது லைன் மேல் மரம் சாய்ந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. மாடியில் பேனல் இருந்தும் வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. சிலிண்டருக்கு அலைந்த அந்த இரண்டு இரவுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்.

இப்போது ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். சோலார் கடைக்காரர் ஒருவர், 540 வாட் பேனல் நான்கைப் பழைய வரிசையோடு சேர்த்தால் போதும் என்கிறார். இன்னொருவர் 10 கிலோவாட்டாக்கி ஈ.பி.யையே துண்டித்துவிடலாம் என்கிறார். கோவையில் இருக்கும் அக்கா மகன், தன் அலுவலகத்தில் கழற்றிய 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, அதாவது தண்ணீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரி, நான்கு தருகிறேன் என்கிறார். உள்ளூர் எலெக்ட்ரீஷியன், சின்ன யு.பி.எஸ். ஒன்றை வைத்து, ஈ.பி. கரண்ட் வருவது போல் காட்டி, சோலாரை ஏமாற்றி ஓட வைக்கலாம் என்கிறார். மேற்கே பக்கத்து நிலத்தில் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் மூன்று மணிக்கு மேல் நிழல் போடுகின்றன. அவற்றை வெட்டச் சொல்லலாமா என்பதும் ஒரு கேள்வி. கையில் இருப்பது சுமார் மூன்று லட்சம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்வெர்ட்டரின் பெயர்ப்பலகை, பேனலின் பின்பக்க ஸ்டிக்கர், ஆக்ஸிஜன் மெஷினின் ஸ்டிக்கர் மூன்றையும் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். ஒரு வருடத்து ஈ.பி. ரீடிங்கும் வைத்திருந்தீர்கள். அதனால் பொதுவாகப் பேசாமல் உங்கள் வீட்டுக் கணக்கையே பேச முடிகிறது.

முதலில், பேனல் இருந்தும் வீடு ஏன் இருண்டது என்பது. அது பழுது இல்லை. உங்களிடம் இருக்கும் வகை இன்வெர்ட்டர், ஈ.பி. மின்சாரம் வந்துகொண்டிருந்தால்தான் வேலை செய்யும். லைன் செத்தவுடன் தானும் நின்றுவிட வேண்டும் என்பது அதற்கு விதிக்கப்பட்ட பாதுகாப்பு. மழையில் நனைந்துகொண்டு மரத்தை வெட்டி அகற்றி, அறுந்த கம்பியைக் கையால் பிடிக்கும் லைன்மேனின் உயிர் அதில் இருக்கிறது. ஆகவே மூன்று கிலோவாட்டைப் பத்து ஆக்கினாலும், பேட்டரியும் அதற்குரிய இன்வெர்ட்டரும் இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசியிலும் இதே இருட்டுதான்.

இதனால்தான் எலெக்ட்ரீஷியன் சொன்ன யு.பி.எஸ். யோசனையை இந்தக் கடிதத்திலேயே கையோடு நிராகரிக்கிறேன். மெயினை அணைக்க ஒரு தடவை மறந்தால் உங்கள் வீட்டுக் கரண்ட் தெருக் கம்பிக்குப் போகும்; டிரான்ஸ்பார்மர் வழியாக அது உயர் அழுத்தமாகவும் ஏறும். யு.பி.எஸ். பொருந்தாமல் எரிந்து தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. ஆக்ஸிஜன் ஓடும் வீட்டில் அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் கூடாது.

பழைய வரிசையில் புதுப் பேனல் ஏன் கூடாது

கடைக்காரர் சொன்ன நான்கு பேனல் யோசனையில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. உங்கள் பழைய பேனல் வெயிலில் சுமார் 9 ஆம்பியர் தரும். 540 வாட் பேனல் சுமார் 13 ஆம்பியர் தரும். தொடராக இணைத்தால், கைகோத்து நடப்பவர்களில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் எல்லோருக்கும் என்பது போல, புதியதும் 9 ஆம்பியருக்கு இறங்கிவிடும். அதாவது புதுப் பேனலுக்குக் கொடுத்த காசில் மூன்றில் ஒரு பங்கு முதல் நாளே வீண்.

இரண்டாவது கோளாறு மலைக்கே உரியது. சமவெளியில் இருப்பவர்கள் இதைச் சுலபமாகத் தவறவிடுகிறார்கள். பேனல் குளிரக் குளிர அதன் வோல்ட் ஏறும். ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு 25 டிகிரிக்கானது. அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 சதவீதம் கூடும். உங்கள் பழைய பேனல் ஒன்றுக்கு 46 வோல்ட், ஒன்பதுக்கு 414. புதியது 49.5 வீதம் நான்குக்கு 198. மொத்தம் 612. உங்கள் இன்வெர்ட்டரின் பலகையில் டி.சி. (பேனலிலிருந்து வரும் மின்சாரம்) உச்ச வரம்பு 600 வோல்ட் என்று இருக்கிறது! கணக்கிலேயே தாண்டிவிட்டது. மார்கழிக் காலையில் 5 டிகிரி குளிரில் முதல் வெயில் பேனலில் விழும்போது அது 650-ஐத் தொடும். அன்றைக்கு இன்வெர்ட்டர் போனால், வரம்பை மீறி இணைத்ததற்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தராது.

பேனலைக் கூட்டவே முடியாது என்பதில்லை. புதியவற்றைத் தனி வரிசையாக, தனி உள்ளீட்டில் கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே வழி சொல்கிறேன். ஆனால் அதற்கு முன், உங்களுக்குப் பேனல்தான் அவசரத் தேவையா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் தேவையை இரவிலிருந்து கணக்கிடுவோம்

மெஷினின் ஸ்டிக்கரில் 350 வாட். இரவு 10 முதல் காலை 6 வரை எட்டு மணி நேரம் என்றால் 2.8 யூனிட். ஃப்ரிட்ஜ், நான்கு எல்.இ.டி. விளக்கு, மோடம், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து அந்த எட்டு மணி நேரத்துக்கு முக்கால் யூனிட்டுக்குள் வரும். ஆக, ஒரு இரவுக்கு மூன்றரை யூனிட். கீசரும் ரூம் ஹீட்டரும் இதில் இல்லை. 2 கிலோவாட் ஹீட்டர் இரண்டு மணி நேரம் ஓடினால் ஓர் இரவின் ஆக்ஸிஜனை விட அதிகமாகத் தின்றுவிடும். கரண்ட் இல்லாத நாளில் கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும் என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் லித்தியம் பேட்டரி 51.2 வோல்ட், 100 ஏ.ஹெச். அதில் சுமார் 5 யூனிட் நிறையும். அடிவரை எடுக்காமல், இன்வெர்ட்டர் இழப்பும் போக, கைக்கு வருவது 4 யூனிட். ஓர் இரவு தாண்டலாம். அதற்கு மேல் இழுக்காது. உங்களுக்குப் போனமுறை இரண்டு இரவு. அதனால் இரண்டு பேட்டரி வேண்டும். கைக்கு 8 யூனிட்.

இப்போது பேனலைப் பாருங்கள். தெளிந்த நாளில் ஒரு கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்பது நம் மாநிலத்தில் வழக்கமான கணக்கு. மலையின் குளிரில் பேனல் இன்னும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மரம் விழும் நாள் எப்படிப்பட்ட நாள்? மூடுபனியும் அடைமழையுமான நாள். அன்று கிலோவாட்டுக்கு ஒரு யூனிட்கூடத் தேறாது. உங்கள் மூன்று கிலோவாட்டிலிருந்து இரண்டு, இரண்டரை யூனிட் வரும். கடைக்காரர் சொன்ன நான்கு புதுப் பேனலும் சேர்ந்தால் இன்னொரு ஒன்றரை யூனிட். இரண்டாவது பேட்டரியோ, முதல் நாள் வெயிலிலோ ஈ.பி.யிலோ நிரப்பி வைத்த 4 யூனிட்டைக் கையில் தரும். இரண்டு பேட்டரியும் பழைய ஒன்பது பேனலும் இருந்தாலே, பகலில் சிக்கனமாக இருந்தால் மூன்றாம் இரவையும் தாண்டிவிடலாம்.

அதனால் என் கருத்து இதுதான்: முதலில் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் (பேனல், பேட்டரி, ஈ.பி. மூன்றையும் சேர்த்து நடத்தி, லைன் போனாலும் வீட்டுக்கு மட்டும் கரண்ட் தருவது) பேட்டரியும். பேனல் அப்புறம்.

உங்கள் ரீடிங்கும் இதையே சொல்கிறது. மாசி, பங்குனியில் ஈ.பி.யிலிருந்து எடுத்தது மிகக் குறைவு. அதிகம் எடுத்திருப்பது ஐப்பசியிலிருந்து தை வரை. அந்த மாதங்களில் கீசரும் ஹீட்டரும் ஓடுகின்றன, வெயிலும் இல்லை. வெயில் இல்லாத மாதத்துத் தேவைக்குப் பேனலைக் கூட்டுவது பலன் குறைந்த வழி. கீசரை இரவில் போடாமல், வெயில் வந்த பகலில் பதினோரு மணிக்குப் போட்டாலே ஓரளவு பில் இறங்கும்.

ஈ.பி.யைத் துண்டிக்கும் யோசனை

இதை வற்புறுத்திச் சொல்கிறேன்: வேண்டாம். 10 கிலோவாட் போட்டாலும் மூடுபனி வாரத்தில் நாளுக்கு எட்டு யூனிட் வந்தால் பெரிது. உங்கள் குளிர்காலச் செலவு நாளுக்குப் பன்னிரண்டு. அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒரு வாரத்துக்கான பேட்டரி வாங்கினால் மூன்று லட்சம் எந்த மூலைக்கு? ஈ.பி. இணைப்பு இருப்பதால்தான் வெயில் நாளின் மிச்ச யூனிட் நெட் மீட்டரில் உங்கள் கணக்கில் சேர்கிறது. மழை நாளில் பேட்டரியை நிரப்ப அதைவிட மலிவான, நம்பகமான வழியும் இல்லை. உயிர் காக்கும் மெஷின் ஓடும் வீட்டில் மின்சாரம் வரும் ஒரு வழியை நாமே அடைப்பது சரியில்லை.

எதை மாற்றுவது, எப்படி

உங்கள் இன்வெர்ட்டர் 2019-ல் வந்தது. இவ்வகை இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் பத்து வருடம்வரை ஓடும். ஆகவே அதை விட்டுவிட்டு 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு மாறுவது உங்களுக்குப் பொருந்தும். இரண்டு தனித்தனி உள்ளீடு இருக்கும் மாடலாகக் கேளுங்கள். ஒன்றில் பழைய ஒன்பது பேனல் அப்படியே வரும். இன்னொன்று காலியாக இருக்கட்டும். பிற்பாடு புதுப் பேனலை அதில் சேர்க்கலாம். அப்படிச் சேர்க்கும்போது அந்த உள்ளீடு எத்தனை வோல்ட்டில் விழித்துக்கொள்ளும் என்று கேளுங்கள். நான்கு பேனல் என்றால் ஓடும்போது சுமார் 165 வோல்ட்தான். சில மாடல்களுக்கு அது விளிம்பில் நிற்கும் அளவு. ஒரு பேனலில் நிழல் விழுந்தாலே உறங்கிவிடும். ஐந்தோ ஆறோ போடுவது நல்லது.

பழைய இன்வெர்ட்டரை வைத்துக்கொண்டே பக்கத்தில் பேட்டரி இன்வெர்ட்டர் பொருத்தும் முறையும் உண்டு. அது உங்கள் பழைய மாடலோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்தில் உறுதி தருபவர் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். வயதான இன்வெர்ட்டருக்காக அந்தச் சிக்கலில் இறங்க நான் சொல்ல மாட்டேன்.

மெயின் போர்டில் ஒரு வேலை இருக்கிறது. இதைத்தான் அவசரத்தில் பலர் அரைகுறையாகச் செய்கிறார்கள். படுக்கையறை பிளக், ஃப்ரிட்ஜ், விளக்கு, மோடம் இவற்றை மட்டும் தனிப் பெட்டிக்கு மாற்றி, ஹைபிரிட்டில் லைன் போனாலும் கரண்ட் வரும் பேக்கப் முனையில் கொடுக்க வேண்டும். ஃபேஸ் மட்டுமில்லை, நியூட்ரலும் தனியாகப் பிரிய வேண்டும். பழைய வீடுகளில் இரண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் ஓடியிருக்கும். பிரிக்காமல் விட்டால், கரண்ட் கசிந்தால் தானே அணையும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் காரணமில்லாமல் விழும். நடுராத்திரியில் அது விழுந்தால் மெஷினும் நிற்கும்.

மாட்டி முடித்ததும் அமைப்பில் ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலும் தினமும் மாலையில் பேட்டரியைக் காலி செய்து மறுநாள் நிரப்பும்படி வைத்துவிட்டுப் போவார்கள். நெட் மீட்டர் இருக்கும் உங்களுக்கு அதனால் லாபம் இல்லை. ஏற்றி இறக்கும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும், பேட்டரியும் தேயும். ஐப்பசி முதல் தை வரை பேட்டரி எப்போதும் 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கும்படியும், தேவைப்பட்டால் ஈ.பி.யிலிருந்து நிரப்பிக்கொள்ளும்படியும் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் திரையில் எங்கே தொட வேண்டும் என்பதை உங்கள் கையாலேயே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டு ஆளை அனுப்புங்கள்.

அக்கா மகன் தரும் டியூபுலர் பேட்டரி

அன்போடு தருகிறார்; மறுப்பது சங்கடம்தான். ஆனால் கணக்கைக் காட்டிச் சொல்லலாம். 150 ஏ.ஹெச். நான்கு என்றால் பெயருக்கு 7.2 யூனிட். டியூபுலரில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். பாதி, அதிலும் இன்வெர்ட்டர் இழப்பு போக, மூன்றேகால் யூனிட்தான் மிஞ்சும். உங்கள் ஓர் இரவுக்கே காணாது. குளிரில் அது இன்னும் சுருங்கும். அதுவும் கழற்றிய பேட்டரி. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவிடும் என்பதால் காற்றோட்டமான தனி இடம் வேண்டும். படுக்கையறைப் பக்கமே கூடாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு இருக்கிற வேலைகளோடு இதுவும் வேண்டாம்.

லித்தியத்தில் எல்.எஃப்.பி. என்று சொல்லப்படும் இரும்பு பாஸ்பேட் வகையையே வாங்குங்கள். வீட்டுக்கு அது பாதுகாப்பான வகை. அதற்குக் குளிரில் ஒரு பலவீனம் உண்டு: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, அதிலுள்ள கட்டுப்பாட்டு அமைப்பே தடுத்துவிடும். கோத்தகிரியில் வீட்டுக்குள் இந்தக் கவலை இல்லை. ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் போன்ற உறைபனி விழும் இடங்களில் இருப்பவர்கள் வெளி ஷெட்டில் வைக்கவே கூடாது. நீங்களும் விறகு ஷெட்டில் வைக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். குளிரைவிட அங்கே ஈரம் பகை. வீட்டுக்குள், ஈரச் சுவர் இல்லாத பக்கத்தில், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, சமையலறையும் படுக்கையறையும் வெளியேறும் வழியும் இல்லாத இடத்தில் வையுங்கள்.

மானியம், அனுமதி, மரம்

பேட்டரிக்கு 78,000 ரூபாய் மானியம் வரும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் அதிகபட்ச மானியம் அது. அது பேனல் அமைப்புக்கானது, பேட்டரிக்கானது அல்ல. பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் உள்நாட்டில் தயாரானவையாக இருந்தால்தான் அதற்குத் தகுதி பெறும். நீங்கள் 2019-ல் ஏற்கெனவே மானியம் வாங்கியவர். ஆகவே மானியத்தை வரவில் எழுதாமல் கணக்குப் போடுங்கள். பிற்பாடு பேனல் கூட்டும்போது, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் பேனலுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது. கையிலுள்ள கொட்டேஷனில் பழைய விகிதம் இருந்தால் கேளுங்கள்.

இன்வெர்ட்டரை மாற்றுவதை மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குத் தெரிவித்தே செய்ய வேண்டும். பேனல் கூட்டும்போது மொத்த அளவு உங்கள் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டக் கூடாது. மின்பளு எவ்வளவு என்பது ஈ.பி. கணக்கு விவரத்தில் இருக்கும். தேவைப்பட்டால் அதை உயர்த்த விண்ணப்பிக்கலாம். 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024-ல் மத்திய விதியே வந்துவிட்டது. அலுவலகத்துக்குப் போகும்போது வீட்டில் ஆக்ஸிஜன் நோயாளி இருப்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மரத்தைப் பற்றி: உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதித்தாலும் நினைத்தவுடன் வெட்ட முடியாது. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் நீலகிரிக்குப் பொருந்தும். பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி வேண்டும். கிளை கழிப்பதென்றாலும் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டே கை வையுங்கள். மூன்று மணிக்கு மேல் விழும் நிழலால் நீங்கள் இழப்பது நாளின் உற்பத்தியில் சிறு பகுதிதான். அதற்காக மரத்தையும் பக்கத்து வீட்டு உறவையும் இழக்க வேண்டாம். வேர் தளர்ந்து உங்கள் கூரைப் பக்கம் சாய்ந்திருந்தால் அது வேறு விஷயம். அந்தக் காரணத்தைச் சொல்லித் தனியாக மனுக் கொடுங்கள்.

மாடியில் இருக்கும்போது இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தில் பேனலுக்கு அடியில் ஒயர் தொங்குவது தெரிகிறது. குரங்கு இழுத்தால் கனெக்டர் பிரிந்து, டி.சி.யில் தீப்பொறி அடிக்கும். குழாய்க்குள் விட்டு இறுக்கிக் கட்டட்டும். சித்திரை, வைகாசி இடிக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பாறை நிலத்தில் குழி தோண்டியதோடு விட்டுவிடுவார்கள். 5 ஓமுக்குக் கீழே வர வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, ஹைபிரிட்டும் இரண்டு பேட்டரியும் மெயின் போர்டு வேலையும் சேர்ந்தால் மூன்று லட்சத்தைத் தொட்டுவிடும், சற்றுத் தாண்டவும் செய்யலாம். தாண்டினால் இப்போது ஒரு பேட்டரியும் அடுத்த வருடம் இன்னொன்றும் வாங்குங்கள். ஆனால் அதே கம்பெனி, அதே மாடல் அப்போதும் சேர்க்க முடியுமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நிலையிலும் ஒரு நிறை சிலிண்டரும் ரெகுலேட்டரும் வீட்டில் இருக்கட்டும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வைப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு சிலிண்டரிலேயே எழுதி ஒட்டுங்கள். மெஷினே பழுதானால் பேட்டரி உதவாது. கரண்ட் போனதும் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் பதிவு செய்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டியபின், மழைக்கு முன்னால் ஓர் இரவு பத்து மணிக்கு நீங்களே மெயினை அணையுங்கள். சிலிண்டர் பக்கத்தில் இருக்க, உதவிக்கு ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, மெஷினைப் பேட்டரியில் ஓட விடுங்கள். பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் திரையில் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேட்டரியில் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த எண்களோடு எனக்கு எழுதுங்கள். எங்கே கசிகிறது என்று பார்ப்போம்.